அவள் இடத்துக்கு நான் வந்தது

கணக்காய்வாளனாக நான் இருந்த வருடங்களில் எங்களைக் கண்டு யாரும் மகிழ்ந்ததில்லை. ஒரு தொழிற்சாலைக்குள் மடிக்கணினியும் கோப்புப் பெட்டிகளுமாக நாங்கள் நுழைந்தால், கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்கள் பல் பிடுங்க வந்தவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஏதாவது ஒரு மூலையில், பெரும்பாலும் ஏர்கோன் வேலை செய்யாத அறையில், எங்களுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுப்பார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு, போன வருடம் நடந்து முடிந்ததெல்லாம் உண்மையிலேயே நடந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்போம். வேலை அவ்வளவுதான்.

நான் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் பிறந்தவன். அப்பா செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தார். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கினார். அவர்கள் இருவரும் உயிரோடு இருந்தபோதே நான் கணக்காளனாகிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா, "மவன் ஆடிட்டர்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று வந்தவர்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஜோகூர் பாருவில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலாளரானேன். தம்போயில் ஒரு வரிசை வீடு வாங்கினேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தியைத் திருமணம் செய்துகொண்டேன். ஒரு மகள் பிறந்தாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எனக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் அதே தொழிற்சாலைக்குப் போய், அதே கிடங்கில் அதே பெட்டிகளை எண்ணுவது, யாரோ ஒருவர் வாழ்ந்து முடித்த வாழ்க்கையைப் பின்னாலிருந்து பார்ப்பது போல இருந்தது. எந்த முடிவும் என் முன்னால் எடுக்கப்பட்டதில்லை. எடுத்த முடிவுகளின் ரசீதுகள்தான் என்னிடம் வரும்.

ஒருநாள் ஜோகூர் பாருவில் ஒரு மரச்சாமான் நிறுவனத்தில் கணக்காய்வு நடந்துகொண்டிருந்தது. அபூர்வமாக எங்களுக்குக் கூட்ட அறையைக் கொடுத்திருந்தார்கள். மதியம் அந்த நிறுவனத்தின் செயலாளர் ஓடிவந்து, உடனே அறையைக் காலி செய்ய வேண்டும், சிங்கப்பூரிலிருந்து வங்கிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்றாள். கோப்புகளையெல்லாம் வாரிக்கொண்டு கேண்டீனுக்குப் போனோம். போகும்போது கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். எங்களிடம் ஒரு கேள்விக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்லும் முதலாளி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேசியது ஒரு இளம் பெண். கறுப்புக் கோட்டு, பின்னி முடித்த கூந்தல். தமிழ்ப்பெண் என்று முகமே சொன்னது.

கூட்டம் முடிந்ததும் அவள் எங்களைத் தேடிக் கேண்டீனுக்கு வந்தாள். கிடங்குச் சரக்கைப் பற்றி ஆங்கிலத்தில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். பழைய மரம் எவ்வளவு, விலைபோகாத சாமான் எவ்வளவு, அதை எந்த மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது வரை சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க ஜோகூரா?" என்று தமிழில் கேட்டாள்.

"கூலாய். நீங்க?"

"பத்து பாகாட். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. சிங்கப்பூர்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க." சிரித்தாள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க, ஏன் இங்கயே இருக்கீங்க?"

அந்தக் கேள்வி என்னைக் காயப்படுத்தியிருக்க வேண்டும். மாறாக, யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது. அவள் வேலை பார்த்தது ஒரு முதலீட்டு வங்கி. நிறுவனத்தை விற்க நினைப்பவருக்கும் வாங்க நினைப்பவருக்கும் நடுவில் நின்று, அது எவ்வளவு பெறும் என்று கணித்துச் சொல்லி, பேரத்தை முடித்துத் தருகிற வேலை. நாங்கள் போன வருடத்தைப் பார்த்தோம். அவர்கள் வரப்போகிற வருடங்களுக்கு விலை சொன்னார்கள்.

சில வாரங்களில் அவளிடமிருந்து செய்தி வந்தது. அவளுடைய குழுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, மலேசியத் தொழிற்சாலைகளை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் வேண்டும் என்று தலைமை அதிகாரியிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள், ஆனால் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் மாணவர்களின் பயிற்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுலயா?" என்றாள். "அங்க எல்லாம் சின்னப் பிள்ளைங்கதானே இருப்பாங்க."

"என்னை எடுக்கச் சொன்னதே ஒரு சின்னப் பொண்ணுதான்."

"அப்ப அந்தப் பொண்ணுக்குக் கீழயா வேல செய்யப் போறீங்க?"

"ஆமா."

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "போங்க. போகாம இருந்தா நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. அப்புறம் எங்களத்தான் முறைப்பீங்க."

அவள் சொன்னது சரி. நான் போனேன்.

விடியுமுன் தம்போயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பேருந்தில் ஏறி, இரண்டு குடிநுழைவுச் சோதனைகளையும் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உயரத்தில் போய் உட்கார்ந்தேன். ஜோகூர்க்காரர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வாழ்கிறார்கள், அதில் பெருமைப்படவும் அழவும் ஒன்றுமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பழைய அலுவலகத்தில் ஒரு குழுவே எனக்குக் கீழே வேலை செய்தது. இங்கே என் பக்கத்து மேசையில் இருந்தவன் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வந்தவன், அவன் விரல்கள் விசைப்பலகையில் ஓடும் வேகத்தைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்கும். நான் தயாரித்த முதல் கணிப்பைத் தலைமை அதிகாரி திரையில் பார்த்துவிட்டு, இது இறப்புச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கணக்காய்வாளனுக்கு ஆதாரம் இல்லாத எண்ணை எழுத வராது. அடுத்த வருடம் விற்பனை எவ்வளவு வளரும் என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பதுதான் என்னிடம் இருந்த நேர்மையான பதில். அந்தப் பதிலுக்கு அங்கே யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

அவள்தான் என்னைக் காப்பாற்றினாள். அலுவலகத்தில் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டும், கறாராகப் பேசுவாள். நான் செய்ததில் பிழை இருந்தால் எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்வாள். ஆனால் ஜோகூர் பாருவில் பாலத்தருகே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்ததால், காலைப் பேருந்தில் பல நாள் என்னோடு வருவாள். பேருந்தில் ஏறியதும் அவள் வேறு ஆள்.

"பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுப்பாள். பாதியை என்னிடம் நீட்டுவாள். "நேத்து அப்படிப் பேசிட்டேன்னு வச்சுக்காதீங்க. உங்களுக்கு நான் சலுக காட்டுறேன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேத்து மென்னுடுவாங்க."

அவளுடைய அப்பா பத்து பாகாட்டில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். அம்மா அதே தொழிற்சாலையில் தைத்தவர். தொழிற்சாலை மூடிய பிறகு அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறார். மகள் வங்கியில் வேலை செய்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். பணம் கட்டும் முகப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரிப்பாள். "ஏர்கோன்லதானே இருக்கே, நிக்க வேண்டியதில்லையேன்னு கேப்பாங்க. ஆமாம்மா, உக்காந்தேதான் இருக்கேன்னு சொல்வேன். அது உண்மதானே?"

ஒரு வருடம் போனது. எனக்கு வேலை பிடிபட்டது. ஆதாரம் இல்லாத எண்ணை எழுத நான் கற்றுக்கொள்ளவில்லை, ஆனால் ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று தோண்டி எடுக்கத் தெரிந்தது. குழுவில் அதற்கும் ஒரு மதிப்பு வந்தது. அதே நேரம் அவளிடம் சில மாற்றங்களைப் பார்த்தேன். பேருந்தில் பேசுவது குறைந்தது. பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தபடி, பாலத்தின் ஓரத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருவாள். இறங்கும்போது அதை அப்படியே குப்பையில் போடுவாள். ஒரே மின்னஞ்சலை இரண்டு முறை அனுப்புவாள். சொன்னதையே திரும்பச் சொல்வாள். நான் கேட்டால், "தூக்கம் பத்தல லா, வேற ஒன்னும் இல்ல" என்பாள். அந்தக் கட்டடத்தில் யாருக்குமே தூக்கம் போதாது. அதனால் அது ஒரு நோயின் பெயராக எனக்குக் கேட்கவில்லை.

அப்போது எங்கள் கையில் இருந்தது கூலாயில் ஒரு தொழிற்சாலை. மின்சாதனங்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுக்கும் குடும்ப நிறுவனம். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். வாங்க வந்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். அவர்கள் தொழிற்சாலையை நேரில் பார்த்து, எங்கள் விளக்கத்தையும் அங்கேயே கேட்பதாக ஏற்பாடு. அவள்தான் பேச வேண்டும். பல மாதங்களாக அவள் உருவாக்கிய கணிப்பு அது.

அன்று பள்ளி விடுமுறை நாள். நான் தம்போயிலிருந்து என் காடியை ஓட்டிக்கொண்டு நேராகக் கூலாய்க்குப் போய்விட்டேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, நான் சைக்கிள் ஓட்டித் திரிந்த செம்பனைக் காட்டைத் தாண்டித்தான் அந்தத் தொழிற்பேட்டைக்குள் போக வேண்டும். அவள் தலைமை அதிகாரியுடன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினாள். அதே கறுப்புக் கோட்டு. முகத்தில் பவுடர் அதிகமாக இருந்தது.

கூட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. அவள் குரலில் தடுமாற்றம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில், வாங்க வந்தவர்களில் ஒருவர் கையை உயர்த்தி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். ஒரு இயந்திர வரிசையைச் சில வாரங்கள் நிறுத்தினால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்று. பேருந்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லக்கூடிய பதில் அது.

அவள் திரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு கேட்டவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. அறையில் யாரோ தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. அவள் மெதுவாகக் கையிலிருந்த சுட்டியை மேசையில் வைத்து, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.

கழிவறைக்குப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தலைமை அதிகாரி என் பக்கம் திரும்பினார். புருவத்தை உயர்த்தினார். நான் எழுந்தேன்.

நான் நன்றாகப் பேசினேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வரிசையில் எந்த இயந்திரம் பழையது, எதற்கு உதிரிபாகம் கிடைக்காது, நிறுத்தினால் எந்த வாடிக்கையாளர் முதலில் கூப்பிடுவார் என்பது வரை சொன்னேன். இத்தனை வருடம் கிடங்குகளில் ஏறி இறங்கியது முழுவதும் அன்றுதான் எனக்குப் பயன்பட்டது. கேள்வி மேல் கேள்வி வந்தது, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வயதான முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அன்று மரச்சாமான் நிறுவனத்தில் வெளியிலிருந்து பார்த்தேனே, அதே மாதிரி அறைக்கு உள்ளே, பேசுகிறவனாக நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் இன்னும் திரும்பி வரவில்லை என்பது எனக்கு உறைத்தபோது, எல்லோரும் எழுந்து தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

கழிவறையில் இல்லை. கணக்குப் பிரிவில் இல்லை. வாசலில் இருந்த நேப்பாளக் காவலாளியிடம் கேட்டேன். அவர் வேலிக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

செம்பனை மரங்களுக்கு நடுவில், வெட்டிப் போட்ட மட்டைகளின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். முள் குத்தும் என்ற நினைவுகூட இல்லை. காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தாள். பாதத்தில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் குனிந்து தட்டிவிட்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஏழெட்டு எவ்வளவுண்ணே?" என்றாள்.

"என்னம்மா?"

"ஏழெட்டு."

"அம்பத்தாறு."

"ஆமா. அம்பத்தாறு." தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அந்த ஆளு கேட்டது புரிஞ்சுது. பதில் எங்க இருக்குன்னும் தெரியும். உள்ள போய்ப் பாத்தா ஒன்னுமே இல்ல. வெள்ளையா இருக்கு. இங்க வந்து உக்காந்து வாய்ப்பாடு சொல்லிப் பாத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டுல நின்னுபோச்சு."

"தூக்கம் இல்லாததுதான். சரியாயிடும்" என்றேன்.

"நீங்க பேசுனீங்களா?"

"ஆமா."

"நல்லா போச்சா?"

"போச்சு."

"அப்பாடா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு அது அழுகையாக மாறிவிட்டது. அழுவது அவளுக்கே தெரியாதது போல, கண்ணீரைத் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் போன் அடித்தது. தலைமை அதிகாரி. வந்தவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள், உடனே உள்ளே வா என்றார். அவளுக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். அவர், சரி, நீ வா என்றார்.

பத்து பாகாட்டில் வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டதற்கு அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "வேணாம்ணே. அம்மாவுக்குத் தெரியக் கூடாது." ஆகவே மனைவிக்குப் போன் செய்தேன். அவள் பக்கத்து வீட்டுக்காரரின் காடியை இரவல் வாங்கிக்கொண்டு தம்போயிலிருந்து வந்தாள். அதுவரை இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. என் மனைவி அவளுடைய காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவளைப் பிடித்து எழுப்பினாள். "வாம்மா. முதல்ல சாப்பிடலாம்" என்றாள். காடி சாலையில் திரும்பும் வரை பார்த்துவிட்டு நான் உள்ளே போனேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் என் மகளின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மகள் கூடத்தில் சத்தத்தை அடக்கி வைத்துத் தொலைக்காட்சி பார்த்தாள்.

"ரசம் சோத்த ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டுச்சு" என்றாள் மனைவி. "சாப்பிட்டு எத்தன நாளாச்சோ. நீங்க தினமும் கூடத்தானே போறீங்க, பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

நான் கூடத்துக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

மறுநாள் மருத்துவரிடம் மனைவிதான் அழைத்துப் போனாள். மன அழுத்தம், மருந்தும் நீண்ட ஓய்வும் தேவை என்று விடுப்புச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். விடுப்பு நீட்டிக்கப்பட்டது. அவள் பத்து பாகாட்டில் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். மனிதவளப் பிரிவிலிருந்து இருவர் அவளோடு பேசினார்கள். ஒரு காலை, அவள் சொந்த விருப்பங்களைத் தொடர்வதற்காக வங்கியிலிருந்து விலகுகிறாள், அவளுக்கு நல்வாழ்த்துகள் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. பக்கத்து மேசைக்காரன் படித்துவிட்டு, "அலமாக்" என்று மட்டும் பரிதாபப்பட்டான். பிறகு அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது.

அன்று மதியமே தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கூலாய்ப் பேரம் நிற்கக் கூடாது, வாங்குபவர்களுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது, இனி நான்தான் அதை நடத்த வேண்டும் என்றார். பதவியும் அதற்கேற்ப மாறும். கைகொடுத்தார். கூலாயில் நீ பேசியதை நான் மறக்கவில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவளைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நல்ல இயந்திரம் ஒன்று பழுதாகிப் போனால் வருமே, அந்த வருத்தம்.

வேலை நிற்கக் கூடாது என்பதால் அவள் மேசைக்கே என்னை மாற்றினார்கள். இழுப்பறையில் இஞ்சி மிட்டாய்ப் பொட்டலமும் தலைவலி மாத்திரை அட்டைகளும் இருந்தன. நாற்காலியின் முதுகில் ஒரு கம்பளிச் சட்டை மாட்டியிருந்தது. நாற்காலி எனக்குத் தாழ்வாக இருந்தது. உயர்த்திக்கொண்டேன்.

பேரம் முடிந்தது. கூலாய்த் தொழிற்சாலை கை மாறியது. ஒரு ஓட்டலில் விருந்து கொடுத்தார்கள். வயதான முதலாளி என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அவளுக்கு அந்தப் படத்தை அனுப்பலாமா என்று யோசித்து, அனுப்பவில்லை. அதற்கு முன் நான் அனுப்பியிருந்த செய்திகளையெல்லாம் அவள் படித்திருந்தாள். எதற்கும் பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு மனைவியோடு பத்து பாகாட்டுக்குப் போனேன். முகவரி மனைவியிடம் இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அது ஒரு பழைய தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. முன்கூடத்தில் தையல் இயந்திரமும், வெள்ளையும் நீலமுமாகத் தைத்து அடுக்கிய சீருடைகளும் இருந்தன. அப்பா எழுந்து நின்று வரவேற்று, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அம்மா பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார்.

அவள் உள்ளே இருந்து வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அது நல்லதாகத்தான் இருந்தது. என் மனைவியைப் பார்த்ததும், "அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். குரல் மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வந்தது.

கம்பளிச் சட்டையைக் கொடுத்தேன். "இது அங்கேயே இருந்துச்சா?" என்று கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கூலாய்ப் பேரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள். "முடிஞ்சதுன்னு கேள்விப்பட்டேன். சார் போன் பண்ணாரு. நீங்க அன்னைக்கு நல்லா பேசுனீங்க, அதனாலதான் பொழச்சுச்சுன்னு சொன்னாரு. என்னையச் சந்தோசப்படுத்துறதுக்குத்தான் சொன்னாருன்னு நினைக்கிறேன்."

தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் அம்மா என்னிடம் திரும்பினார்.

"தம்பி, நீங்க அங்கதானே இருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லி இவள மறுபடி எடுத்துக்கச் சொல்லக் கூடாதா? நல்லாத்தான் வேல செஞ்சா. ஒடம்புக்கு முடியாம போறது எல்லாருக்கும் வர்றதுதானே."

"அம்மா" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. தம்பி, இவ இருந்த எடத்துல இப்ப யாரு இருக்கா? அவங்களுக்கு வேற எடம் குடுக்கக் கூடாதா?"

என் மனைவி தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தாள். நான் வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"யாரோ ஒரு ஆளும்மா. உனக்குத் தெரியாது."

அம்மா பெருமூச்சு விட்டு, நூலைக் கோக்கத் தொடங்கினார். அப்பா, சாலை விரிவுபடுத்துகிறார்களாமே, வரும் வழியில் நெரிசலா என்று கேட்டார். கொஞ்ச நேரம் சாலையைப் பற்றிப் பேசினோம்.

கிளம்பும்போது அவள் வாசல் கேட்டு வரை வந்தாள். மனைவி காடியில் ஏறிவிட்டாள். நான் நன்றி சொல்ல நினைத்தேன், மன்னிப்புக் கேட்கவும் நினைத்தேன். எதற்கு எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அண்ணே, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. திரும்ப வராதீங்க. கோவம் எல்லாம் ஒன்னும் இல்ல. உங்களப் பாத்தா அந்த எடம் ஞாபகத்துக்கு வந்துடுது. அப்புறம் ரெண்டு மூனு நாளு தூக்கம் வராது."

"சரிம்மா" என்றேன்.

"நீங்க ஒடம்பப் பாத்துக்கோங்க. காலையில சாப்பிடாம போகாதீங்க."

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கூலாய் வழிகாட்டிப் பலகை வந்து, கடந்து போனது.

இப்போது அவள் பத்து பாகாட்டில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கிறாள். நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. எண்களைத் தொடுவதில்லை என்று மனைவி சொன்னாள். மருந்தின் அளவைக் குறைத்திருக்கிறார்களாம். நான் இன்னும் அதே வங்கியில்தான் இருக்கிறேன். பழைய கணக்காய்வு நிறுவனத்தின் பங்குதாரர் ஒருமுறை போன் செய்து, திரும்பி வந்தால் இடம் இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. மகளுக்கு என் முகத்தைவிட என் மோட்டார் கிளம்பும் சத்தம்தான் அதிகம் பழக்கம். எனக்கும் இப்போது சில நாள் ஒரே மின்னஞ்சலை இரண்டு முறை அனுப்பத் தோன்றுகிறது. அனுப்பியாயிற்றா என்று திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

மனைவியும் அவளும் வாரத்தில் ஒருநாளாவது பேசிக்கொள்கிறார்கள். சமையலைப் பற்றி, பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி, ஏதோ நாடகத்தைப் பற்றி. சமையலறையிலிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்கும். போனின் மறுபக்கம் அவளும் சிரிக்கிறாள் என்று தெரியும். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனால், மனைவி ஒரு நிமிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, போனோடு பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போய்விடுவாள். கதவைச் சாத்திக்கொள்வாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, குவளையைக் கழுவி வைத்துவிட்டு வருவேன்.